வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முன்: சிறு நிறுவனங்களுக்கான பயணப் பாதுகாப்பு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஓசூர் பக்கமுள்ள சிறு நிறுவனங்களில் வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டுக்கென்று தனி ஆள் இருப்பதில்லை. கணக்குப் பிரிவிலோ ஏற்றுமதி ஆவணப் பிரிவிலோ இருக்கும் ஒருவரிடம், "அடுத்த மாதம் நம் ஆள் ஒருவர் ஆப்பிரிக்கா போகிறார், ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முதலாளி சொல்லிவிடுவார். அவரும் டிக்கெட், விசா, ஹோட்டல் மூன்றையும் முடித்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். இப்படித் திடீரென்று அந்தப் பொறுப்பை ஏற்றவருக்காகவே இதை எழுதுகிறேன்.

போகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் போதும், சமாளித்துவிடுவார் என்ற எண்ணம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவெல்லாம் தூக்கமில்லாமல் பறந்து, தெரியாத ஊரில் இறங்கி, போனில் சிக்னல் இல்லாமல் நிற்கிற மனிதர் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்கும் என்று நம்பக்கூடாது. அந்த முடிவுகளை முன்கூட்டியே, பகல் வெளிச்சத்தில், கோவை அலுவலக மேசையில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் நீர்மூழ்கி பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, சர்வீஸ் இன்ஜினியர் ஒருவரை கென்யாவுக்கு அனுப்புகிறது. ஷார்ஜா வழியாக நைரோபி. அங்கே டீலருடன் இரண்டு நாள். பிறகு மேற்கே எல்டொரெட் பக்கத்துப் பண்ணைகளில் போர்வெல் வேலை, கிசுமுவில் ஒரு வாடிக்கையாளர், அங்கிருந்து திரும்புதல்.

பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

"கென்யா பாதுகாப்பான நாடா?" என்ற கேள்வியால் பயன் இல்லை. விமான நிலையத்திலிருந்து ஹோட்டல், ஹோட்டலிலிருந்து டீலர் கிடங்கு, நைரோபியிலிருந்து எல்டொரெட் என்று ஒவ்வொரு நகர்வையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று விவரங்கள் வேண்டும்: எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யாருடன். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அநேகமாக முதல் இரவும் கடைசி நாளும்தான் காலியாக இருக்கும்.

காகிதங்கள்

2024 ஜனவரி முதல் கென்யா விசா முறையை எடுத்துவிட்டு, இணையத்தில் முன்கூட்டியே பெறும் மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்திருக்கிறது. வாங்குவது எளிது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதற்கான அனுமதி வேறு, மோட்டாரைக் கழற்றி மாட்டும் வேலைக்கான அனுமதி வேறு. கை வைத்து வேலை செய்யப்போகிறவருக்கு "ஸ்பெஷல் பாஸ்" என்ற குறுகிய கால வேலை அனுமதி தேவைப்படும். அதற்கு உள்ளூர் டீலர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் நாள் பிடிக்கும். "வெறும் நான்கு நாள் வேலைதானே" என்று அதை விட்டுவிட்டால், பண்ணையில் அதிகாரி வந்து கேட்கும்போது மாட்டிக்கொள்வது உங்கள் இன்ஜினியர், நீங்கள் அல்ல.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் இந்தச் சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்தி, ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆகவே புறப்படும் வாரத்தில் நினைவு வந்தால் பயனில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடவேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. அட்டையில் உள்ள பாஸ்போர்ட் எண்ணைச் சரிபார்த்து, அட்டையைப் பாஸ்போர்ட்டுடனேயே வைக்கச் சொல்லுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசவேண்டும். போடக்கூடாத உடல்நிலை என்றால் வேறொருவரை அனுப்புங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில், மருந்துச் சீட்டோடு இருக்கவேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருப்பது நல்லது. அங்கே கடையில் வாங்க நேர்ந்தால் அந்தப் பெயர்தான் உதவும்.

வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் பொடிகளைப் பற்றியும் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். நம் வீடுகளில் குருமாவுக்கு அரைத்துப் போடும் அதே கசகசாதான், அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. டிராமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஷார்ஜாவில் விமானம் மாறுவதோடு சரி என்று நினைக்கலாம். இணைப்பு விமானம் தவறி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே ஹோட்டலில் தங்க நேர்ந்தால் அந்த நாட்டுச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். கென்யாவிலோ 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் கேரிபேக்குகளுக்குத் தடை. துணிகளைச் சுற்றிவைத்த கேரிபேக்குகளைக் கோவையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை முழுதாகப் படியுங்கள்

டிக்கெட்டோடு சேர்ந்து வரும் மலிவான பாலிசியில் திருப்தி அடையாதீர்கள். பல வணிகப் பயண பாலிசிகள் அலுவலக வேலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உடல் உழைப்பு, இயந்திர வேலை ஆகியவற்றின்போது நேரும் விபத்தை விலக்கு என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். உங்கள் ஆளோ போர்வெல் குழாயை ஏற்றி இறக்கும் இடத்தில் நிற்கப்போகிறார். விலக்குப் பகுதியை வரி விடாமல் படித்து, "இவர் செய்யப்போகும் வேலை இது, இதற்குப் பாலிசி செல்லுமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: ஆம்புலன்ஸ் விமானச் செலவு அடங்குமா? கென்யாவில் நல்ல மருத்துவமனைகள் நைரோபியில் இருக்கின்றன. ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவமனையும் நைரோபி மருத்துவமனையும் பெயர் பெற்றவை. தொலைதூரப் பண்ணையில் அடிபட்டவரை அங்கே கொண்டுவர, வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் போன்ற சேவை தேவைப்படலாம். பாலிசியில் உள்ள அவசர உதவி எண்ணைப் பயணத்துக்கு முன்பே நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார்கள், என்ன விவரம் கேட்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இறங்கும் நேரமும் முதல் வண்டியும்

டிக்கெட் எடுக்கும்போது சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக நள்ளிரவில் இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். முடிந்தவரை பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். முடியாவிட்டால் முதல் இரவு மட்டும் விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்க ஏற்பாடு செய்து, காலையில் ஊருக்குள் போகச் சொல்லுங்கள்.

வண்டி விஷயத்தில் கொஞ்சம் நுணுக்கமாக இருங்கள். நிறுவனப் பெயரும் ஆள் பெயரும் எழுதிய அட்டையோடு டிரைவர் நிற்பது வழக்கம்தான். ஆனால் அந்த அட்டையைப் பார்க்கும் எவரும் அதே பெயரை இன்னொரு அட்டையில் எழுதிக்கொண்டு முன்னால் வந்து நிற்கலாம். டீலரிடம் டிரைவரின் புகைப்படம், போன் எண், வண்டி எண் மூன்றையும் முதல் நாளே வாட்ஸ்அப்பில் வாங்கி இன்ஜினியரிடம் கொடுங்கள். அட்டையில் பெயருக்குப் பதிலாக நீங்களே கொடுத்த நான்கு இலக்க எண் இருக்கட்டும். டிரைவர் வரவில்லை என்றால்? வெளியே வந்து தேடக்கூடாது. வருகைக் கூடத்துக்குள்ளேயே இருந்து உங்களுக்குச் சொல்லிவிட்டு, செயலி வழியாக ஊபரோ போல்ட்டோ அழைத்து, வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறவேண்டும். தானாக வந்து "டாக்சி, டாக்சி" என்று பெட்டியைப் பிடிப்பவரோடு போகவே கூடாது. நைரோபி நெரிசலில் கார் ஜன்னல் வழியாகப் போனைப் பறிப்பது சாதாரணம் என்பதால், ஜன்னல் மூடியே இருக்கட்டும், போன் மடியில் வேண்டாம்.

சாலை: பேசப்படாத பெரிய ஆபத்து

குண்டுவெடிப்பு, கடத்தல் என்றுதான் வீட்டார் பயப்படுவார்கள். உண்மையில் உங்கள் ஆளை எதிர்நோக்கும் மிகப் பெரிய ஆபத்து சாலைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். பெரும்பகுதி வளரும் நாடுகளில்.

நம் இன்ஜினியரின் பயணத்திலேயே பாருங்கள். நைரோபியிலிருந்து எல்டொரெட் சுமார் 310 கிலோமீட்டர். வரைபடத்தில் கோவையிலிருந்து பாண்டிச்சேரி போவதைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் நக்குருவைத் தாண்டி சல்கா வரும் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. கெரிச்சோ போகும் கிளைச் சாலையில் லொண்டியானியில் 2023 ஜூன் இறுதியில் ஒரு லாரி கூட்டத்துக்குள் புகுந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கென்யா நிலநடுக்கோட்டின் மேல் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணியளவில் இருட்டிவிடும். "மதியம் கூட்டம் முடிந்து கிளம்பினால் இரவுக்குள் போய்விடலாம்" என்று டீலர் அன்போடு சொல்வார். அந்தக் கணக்கு இருட்டில்தான் போய் முடியும்.

எனவே எழுதிவைக்கவேண்டிய விதி: மாலை ஐந்து மணிக்குப் பிறகு நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. முதலாளியே போன் செய்து அவசரப்படுத்தினாலும் மாறாத விதியாக இருக்கவேண்டும். அதனால் அவரிடம் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். நைரோபியிலிருந்து எல்டொரெட்டுக்கும் கிசுமுவுக்கும் உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. அந்தக் கட்டணத்தைச் செலவாகப் பார்க்காமல் பயணத் திட்டத்தின் பகுதியாகவே வையுங்கள். செலவைக் குறைக்க வேறு எங்கு வேண்டுமானாலும் கை வைக்கலாம், இதில் வேண்டாம்.

காரில் போகும்போது பின் இருக்கையிலும் சீட் பெல்ட் போடவேண்டும். பெல்ட் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்ப இன்ஜினியருக்கு அதிகாரம் கொடுங்கள். "போடா போடா" எனப்படும் இருசக்கர வாடகை வண்டியில் ஏறவே கூடாது. இன்னொரு முறை மொம்பாசா பக்கம் ஆள் அனுப்ப நேர்ந்தால், வழியில் மக்கிந்துவில் ஒரு சீக்கியக் குருத்வாரா இருக்கிறது. ரயில் பாதை வேலைக்கு வந்த சீக்கியர்கள் காலத்திலிருந்து வரும் இடம். எந்த மதத்தவருக்கும் அங்கே இலவசமாகச் சாப்பாடு கிடைக்கும், தங்க இடமும் உண்டு. வண்டி பழுதாகி இருட்டிவிட்டால் அடைக்கலம் புக அதைவிட நல்ல இடம் அந்தச் சாலையில் இல்லை.

ஹோட்டல்

நைரோபியில் 2013-இல் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் நடந்த தாக்குதலில் 67 பேரும், 2019 ஜனவரியில் டூசிட் டி2 ஹோட்டல் வளாகத்தில் 21 பேரும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு நல்ல ஹோட்டல்களில் வாசலிலேயே வண்டியின் அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள், பைகளைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனை உள்ள ஹோட்டலாகத் தேர்ந்தெடுங்கள்.

அறை இரண்டாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் இடையில் இருக்கட்டும். தரைத்தளத்தில் வெளியாள் ஏறி வரலாம். மிக உயரத்தில் தீயணைப்பு ஏணி எட்டாது. அறைக்குள் போனதும் செய்யவேண்டிய முதல் வேலை, அவசரப் படிக்கட்டுக்குப் போய் வருவது. அறைக் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளவேண்டும். புகை சூழ்ந்தால் சுவரைத் தடவி அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் போகமுடியும். படிக்கட்டின் கீழ்க்கதவு பூட்டியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பூட்டியிருந்தால் ஹோட்டலை மாற்றுங்கள்.

ஊர் நிலவரம்

2024 ஜூன் 25-இல் வரி உயர்வுக்கு எதிரான போராட்டம் நைரோபியில் நாடாளுமன்றத்துக்குள் புகும் அளவுக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே நாளிலும், ஜூலை 7-இலும் நகர மையத்துக்குப் போகும் சாலைகளைப் போலீசார் அடைத்தார்கள். இப்படிப்பட்ட தேதிகள் ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. பயணத் தேதியை முடிவு செய்யும் முன் டீலரிடம் கேளுங்கள்: அந்த வாரத்தில் தேர்தல், போராட்ட நினைவு நாள், தீர்ப்பு ஏதாவது வருகிறதா? கென்யாவில் அடுத்த பொதுத் தேர்தல் 2027 ஆகஸ்டில். அந்த மாதத்தில் பயணமே வேண்டாம். கூட்டம் கண்ணில் பட்டால் வேடிக்கை பார்க்காமல், வீடியோ எடுக்காமல் எதிர்த்திசையில் நடக்கவேண்டும்.

பணமும் போனும்

இந்திய சிம்மில் ரோமிங் வேலை செய்யவேண்டும். ரோமிங் இல்லையென்றால் வங்கி ஓடிபி வராது, கார்டு கையில் இருந்தும் பணம் கட்டமுடியாது. கோவையிலேயே ரோமிங்கைத் தொடங்கிவைத்து, உள்ளூர்ச் செலவுக்கு அங்கே ஒரு சிம் வாங்கச் சொல்லுங்கள். இரண்டு கார்டுகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். யாராவது மிரட்டிக் கேட்டால் போனையும் பணப்பையையும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடவேண்டும். "கம்பெனி போனாயிற்றே" என்று தயங்கி அடிபடக்கூடாது; பொருள் போனால் நிறுவனம் ஏற்கும் என்று எழுதிக் கொடுங்கள்.

நைரோபியில் மலிவு விலைத் தங்கம் என்று ஆசை காட்டி வெளிநாட்டு வியாபாரிகளை ஏமாற்றும் கும்பல்கள் பெயர்போனவை. அதைவிட நுட்பமான மோசடி உங்கள் அலுவலகத்துக்கே வரும். ஆள் வெளிநாட்டில் இருக்கும் சமயம் பார்த்து, அவர் பெயரில் "டீலரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல். குரல் கேட்டு உறுதி செய்யாமல் எந்தக் கணக்குக்கும் பணம் போகக்கூடாது என்று கணக்குப் பிரிவிடம் சொல்லிவையுங்கள்.

தொடர்பு முறையும் ஒரு பக்கத் தாளும்

இத்தனை ஏற்பாட்டையும் தாங்கி நிற்பது ஒரே ஒரு தாள்தான். இன்ஜினியரின் சட்டைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று, அவர் வீட்டில் ஒன்று. எங்கள் தாளில் இருப்பவை இவை:

பாஸ்போர்ட் எண், ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை. ஒவ்வொரு நாளும் தங்கும் இடத்தின் முகவரி, வரவேற்பறை எண். டீலர் தரப்பில் இருவருடைய எண்கள். பாலிசி எண், அவசர உதவி எண். நைரோபி இந்தியத் தூதரகத்தின் அவசர எண். கென்யாவின் அவசர அழைப்பு எண்கள் 999, 112. கோவையில் இரவு போன் எடுக்கும் இருவரின் பெயரும் எண்ணும்.

அழைப்பு நேரங்களையும் அதிலேயே எழுதுங்கள். கென்யா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே பத்தரை. விமானம் இறங்கியதும், அறைக்குள் போனதும், ஊர் விட்டு ஊர் கிளம்பும்போதும், போய்ச் சேர்ந்ததும், இரவு எட்டுக்கும் ஒரு வரிச் செய்தி. வராவிட்டால் என்ன செய்வது? அரை மணி நேரம் கழித்து அவரை அழைக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் ஹோட்டலையும் டீலரையும். மூன்று மணி நேரத்தில் முதலாளியை எழுப்பி, தூதரகத்தை அழைக்கவேண்டும். எழுதிவைத்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால், "தூங்கியிருப்பார், காலையில் பார்க்கலாம்" என்று இரவு போய்விடும்.

சுதந்திரமாகப் பேசமுடியாத நிலைமைக்கு ஒரு வாக்கியம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். "பழைய பில் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்" என்று அவர் சொன்னால் ஏதோ சரியில்லை என்று பொருள். நீங்கள் கேள்வி கேட்காமல் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கவேண்டும்.

நள்ளிரவில் புதிய டிக்கெட்டோ மருத்துவமனை முன்பணமோ தேவைப்பட்டால் யாரிடமும் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை நீங்கள் செலவு செய்யலாம் என்பதையும் முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆகவேண்டும். அவரே விமானத்தில் பறந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் தேவை வரும்.

போவது பெண் ஊழியர் என்றால் மேலே சொன்ன எதுவும் மாறாது, சில சேரும். என்னென்ன சேரவேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள்; அவருக்காக நீங்களாக ஊகித்துப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை நிமித்தமாகப் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடம்தான். டீலர் தரப்பு ஆள் தவறாக நடந்தாலும் அவர் உங்களிடம் புகார் தரலாம் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் "உங்கள் பயண ஆபத்து மேலாண்மை முறை என்ன?" என்று கேட்டால், 2021-இல் வெளியான ஐஎஸ்ஓ 31030 என்ற வழிகாட்டுத் தரத்தைப் பாருங்கள். சான்றிதழ் வாங்கும் தரம் அல்ல அது. இங்கே சொன்னவற்றை முறைப்படுத்தி எழுத உதவும்.

திரும்பி வந்த பிறகு

கிசுமு விக்டோரியா ஏரிக்கரை ஊர், மலேரியா அதிகம். அங்கே போகிறவர் தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிடவேண்டும். ஊர் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது எல்லோரும் செய்வது, நீங்கள் நினைவூட்டுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும், மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லவேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் பொறுத்தால் ஃபால்சிபாரம் வகை மலேரியா உயிரைக் குடித்துவிடும். இதை அவர் மனைவியிடமோ பெற்றோரிடமோ சேர்த்தே சொல்லுங்கள்.

வந்த வாரத்திலேயே அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். எந்த டிரைவர் நம்பகமானவர், எந்த ஹோட்டலில் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது, டீலரின் இரண்டாவது எண் வேலை செய்ததா, எந்த இடத்தில் சிக்னல் போனது என்று கேட்டு, தாளில் அங்கேயே திருத்தி எழுதுங்கள். அடுத்து போகிறவருக்கு அந்தத் திருத்திய தாளைக் கொடுங்கள்.